இரண்டு நல்ல நிபந்தனைகள்

டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் செந்தில் வீட்டு உணவு மேசையில், அரிசி பருப்புச் சோற்றுக்கும் கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் நடுவே, என் கையொப்பத்துக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. அதை எழுதியவன் நான் என்று கடிதமே சொன்னது. நானோ அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

ஆங்கிலக் கடிதம். தமிழில் அதன் முதல் வாக்கியம் ஏறக்குறைய இப்படி வரும்: ‘ஈடிணையற்ற, உலகப் புகழ் வாய்ந்த, புதுவழி சமைத்த, துறையின் கொடுமுடியில் நிற்கிற, இந்நாட்டின் நலனுக்கு இன்றியமையாத கணித மேதை முனைவர் அரசி அவர்களை நான் நன்கு அறிவேன்.’ முற்றுப்புள்ளியை அடைவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

அந்த ஈடிணையற்ற மேதை அப்போது அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

“பேனா இருக்குங்களா அங்கிள்? ப்ளூ இங்க்லதான் சைன் பண்ணணும்னு லாயர் சொல்லியிருக்காருங்க” என்று அவருடைய கணவர் செந்தில் ஒரு பேனாவைத் திறந்தே நீட்டினார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளர். ஞாயிற்றுக்கிழமையைக்கூடப் பணிகளாகப் பிரித்து வைத்திருப்பார். அன்றைய பணிகளில் என் கையொப்பம் ஒன்று. அதற்கடுத்தது காருக்கு டயர் மாற்றுவது.

“முதலில் சாப்பிடலாமே” என்றேன்.

என் பையில் அரசியின் ஆய்வுக் கட்டுரை இருந்தது. பதினோராம் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தேன்.

வரிசையும் குறுக்கு வழியும்

அமெரிக்காவில் வாழாத வாசகர்களுக்காக ஒரு சொல். நிரந்தரமாகத் தங்கும் உரிமையை, அதாவது எல்லாரும் கிரீன் கார்டு என்று சொல்வதை, நம்மவர்கள் பெரும்பாலும் வேலை வழியாகவே பெறவேண்டும். அதற்கொரு வரிசை உண்டு. அவ்வரிசையில் செந்தில் நிற்கிறார். தம் முறை வருவதற்குள் மகள் நிலாவுக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்பார். அவ்வீட்டில் எல்லாரும் சிரிக்கும் நகைச்சுவை அது. நிலா மட்டும் சிரிப்பதில்லை.

ஏனெனில் அவளுக்கு இருபத்தொரு வயது நிறைந்தால் பெற்றோரின் வரிசையிலிருந்து அவள் தானாகவே விழுந்துவிடுவாள். கைக்குழந்தையாக வந்தவள். இங்கேயே பள்ளி, இங்கேயே கல்லூரி. கோயம்புத்தூரில் அவளுக்குத் தெரிந்தவை விமான நிலையமும் ஒரு கல்யாண மண்டபமுமே. பிறந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பிறந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ‘அசாதாரணத் திறமை’ உடையவர் என்று மெய்ப்பித்துவிட்டால் வேறொரு சிறிய வரிசைக்கு மாறலாம். செந்திலுக்கு அது வாய்க்காது; திட்ட மேலாளர்கள் அசாதாரணமாக இருந்தால் திட்டம் முடியாது. அரசிக்கு வாய்க்கலாம். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிகப் பேராசிரியராக இருந்தார். கட்டுரைகள் நான்கு வெளிவந்திருந்தன. நான்காவதுதான் பெரியது, விண்ணப்பம் முழுவதும் அதன் தோள்மேல் நின்றது.

அறிஞர்கள் சிலர் அவரைப் புகழ்ந்து கடிதம் தரவேண்டும். அக்கடிதங்களை வழக்கறிஞரே எழுதித் தருவார். அறிஞர் கையொப்பமிட்டால் போதும். திருமண மண்டபத்தில் மொய் எழுதுபவரே மொய்யையும் வைத்துவிடுவது போன்ற ஏற்பாடு. ஐந்து பேராசிரியர்கள் முன்பே கையொப்பமிட்டிருந்தார்கள். ஆறாமவன் நான். அரசியின் துறையில் வாழ்நாளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று, பக்கத்து ஊரான ஆலனில் குடியிருக்கிறவன். கூப்பிடு தூரம், சோறு போட்டால் வரக்கூடிய தூரம்.

பேச்சைக் கொண்டு ஊரை வரைதல்

அந்தத் துறை என்ன? தொடர்ச்சியான சார்புகளின் வளையங்கள். பயப்பட வேண்டாம், நான் வகுப்பு எடுக்கப் போவதில்லை.

ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைக் கொடுப்பது சார்பு. டெக்சாஸ் நிலப்படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அவ்விடத்து வெப்பத்தைக் குறிப்பது போல. அடுத்தடுத்த இடங்களில் எண்கள் திடீரென்று தாவாவிட்டால் அது தொடர்ச்சியானது. ஆலனில் உடல் வெந்தால், காரில் கால்மணி நேரம் போய்ச் சேரும் ஃபிரிஸ்கோவிலும் வேகும். இடையில் ஊட்டி வராது. இத்தகைய சார்புகளை ஒன்றோடொன்று கூட்டலாம், பெருக்கலாம். அப்படிக் கூட்டிப் பெருக்கக்கூடிய குடும்பத்துக்கு வளையம் என்று பெயர்.

வியப்பு இனிமேல்தான். வெளியையே உங்கள் கண்ணில் காட்டாமல், அந்த வளையத்தின் கூட்டல் பெருக்கல் கணக்கை மட்டும் கொடுத்தால், நல்லியல்புடைய வெளிகளைப் பொறுத்தவரை, வெளியை மீண்டும் வரைந்துவிடலாம். ஊருக்குள் கால் வைக்காமலே, ஊரைப் பற்றிய வம்புகளை எல்லாம் சேர்த்து ஊரின் வரைபடத்தைப் போடும் கலை இது. வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் நம் மக்களுக்கு இது புதிதன்று.

இவ்வளையங்களில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கையும் உண்டு. சார்புகள் இரண்டு, இரண்டும் பூச்சியமல்ல. பெருக்கினால் பூச்சியம். காரணம், ஒன்று எங்கே உயிரோடிருக்கிறதோ அங்கே மற்றது செத்துக் கிடக்கும். எங்கள் வட்டாரத்துத் தமிழ்ச் சங்கம் இரண்டாக உடைந்தபின் அதன் இரு தலைவர்களையும் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவுதான் வரும். அவர் வரும் மேடைக்கு இவர் வரமாட்டார். தனித்தனியே இருவரும் பூச்சியமல்லர் என்பதற்கு நான் சான்றளிக்கத் தயார்.

அடைமொழி என்னும் நோய்

சில ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியில் ஒரு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். என்னை அறிமுகம் செய்தவர் ‘கணிதக் கடல்’ என்று தொடங்கினார். ‘எண்களின் ஏந்தல்’ என்று தொடர்ந்தார். ‘செந்தமிழ்ச் செல்வர்’ என்றும் சொல்லிவிட்டு, ‘இன்னும் இவரைப் பற்றி என்ன சொல்வது’ என்று கேட்டார். கேட்டபின் இன்னும் சொன்னார். முடித்தபோது எனக்கு ஒதுக்கிய நேரமும் முடிந்திருந்தது. பொன்னாடையோடும் பேசாத பேச்சோடும் விமானம் ஏறினேன். அன்று கேட்டவர்களுக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

நம் இலக்கணப் புலவர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். ‘செந்தாமரை’ என்றால் வெண்டாமரையை விலக்குகிறோம். அங்கே அடைமொழி வேலை செய்கிறது. ‘செஞ்ஞாயிறு’ என்றால் எதையும் விலக்கவில்லை. கருஞாயிறு என்றொன்று கிடையாது. அங்கே அடைமொழி அழகுக்கு நிற்கிறது. மேடைத் தமிழ் முழுவதும் செஞ்ஞாயிறுகளே. வழக்கறிஞரின் ஆங்கிலமும் அப்படியே.

கணிதத்தில் மட்டும் அழகுக்கு நிற்கும் அடைமொழி கிடையாது. அங்கே ஒவ்வோர் அடைமொழியும் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு நிபந்தனையும் சிலரை வெளியே தள்ளும். மேடையில் அடைமொழி சேரச் சேர மனிதர் பெருப்பார். தேற்றத்தில் அடைமொழி சேரச் சேரத் தேற்றம் சிறுக்கும்.

ஆயினும் ஒரு தேற்றம் படியாதபோது கணிதர்கள் செய்வது என்ன? ஒரு நிபந்தனையைச் சேர்ப்பார்கள். இன்னும் படியாவிட்டால் இன்னொன்று. துணி பற்றாத தையற்காரர் ஆளை மெலியச் சொல்வது போல.

அரசியின் நான்காவது கட்டுரையில் நிபந்தனைகள் இரண்டு. முதலாவது: ஒரு சார்பு ஓரிடத்தில் பூச்சியமானால் அதன் சுற்றுப்புறத்திலும் சிறிது தொலைவு பூச்சியமாகவே இருக்கவேண்டும். விந்தையான நிபந்தனை, ஆனால் இதற்குக் கட்டுப்படும் முடிவில்லா வெளிகள் உண்டு, அழகானவை. இரண்டாவது நிபந்தனை நீண்டதோர் இயற்கணித உடை அணிந்து வந்தது. உடையைக் களைந்து பார்த்தால் அது சொன்னது இவ்வளவுதான்: எந்தச் சார்பும் எல்லை கடந்து வளரக்கூடாது. இதுவும் நல்ல நிபந்தனை. இதற்கும் அழகான வெளிகள் உண்டு.

இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தால்தான் தொல்லை. புள்ளிகள் முடிவில்லாமல் இருந்தால், ஒன்றையொன்று தொடாத பகுதிகளை முடிவில்லாமல் வெட்டியெடுக்கலாம். அவற்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை ஏற்றி வைக்கலாம். முதல் நிபந்தனையின் தயவால் அது தொடர்ச்சியான சார்பாகவே அமையும். ஆனால் எல்லை கடந்து வளரும். இரண்டாம் நிபந்தனை அதைத் தடுக்கிறது. ஆகவே முடிவில்லா வெளி எதுவும் இவ்விரு நிபந்தனைகளுக்கும் சேர்ந்து கட்டுப்படாது. எஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள். அவற்றைப் பற்றிப் பள்ளிக் கணக்கே போதுமானது.

கட்டுரை முழுவதும் கனமான பொறிகளைக் கொண்டு, பிரம்மாண்டமான வெளிகளைப் பற்றி நிறுவப்பட்டிருந்தது. ஒவ்வொரு வரியும் சரி. அந்த வெளிகள்தாம் இல்லை.

பதினோராம் பக்கம்

சாப்பிட்டு முடித்தோம். கட்டுரையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“உங்கள் கட்டுரையைப் படித்தேன்” என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

செந்தில் திடுக்கிட்டார். “படிச்சீங்களா? எதுக்குங்க அங்கிள்?”

“கையொப்பமிடும் முன் படிப்பது வழக்கம்.”

“மத்த அஞ்சு பேரும் ரெண்டே நாள்ல அனுப்பிட்டாங்க. ஒருத்தர் ஏர்போர்ட்ல இருந்தே சைன் பண்ணி ஸ்கேன் பண்ணினாருங்க.”

அரசி கையில் இரண்டாம் சுற்று அப்பளத்தோடு அடுக்களை வாசலில் நின்றார். கட்டுரையைப் பார்த்தார். மடித்த மூலையைப் பார்த்தார்.

“பதினோராம் பக்கந்தானே சார்?”

நான் சொல்லவேண்டிய சொற்களை வரும் வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“தெரியுமா?”

“ரெண்டு மாசமாத் தெரியும் சார். ஒரு டாக் குடுக்கறதுக்கு ஸ்லைடு பண்ணிட்டு இருந்தேன். போடறதுக்கு ஒரு எக்ஸாம்பிள் தேடினேன், கிடைக்கல. அப்புறம் ஏன் கிடைக்கலன்னு தேடினேன்.” அப்பளத் தட்டை மேசையில் வைத்தார். “கரெக்‌ஷன் நோட் எழுதி வெச்சுட்டேன். அரைப் பக்கம்தான். அனுப்பல.”

“இரு, இரு. தியரம் தப்பா?” என்றார் செந்தில்.

“தப்பில்லை” என்றேன். “எல்லாம் சரி. எதைப் பற்றிப் பேசுகிறதோ அது இல்லை.”

செந்திலின் முகம் தெளிந்தது. “அவ்வளவுதானுங்களா? எங்க ஆபீஸ்ல பாதி ப்ராடக்ட் அப்படித்தானுங்க. யூஸ் பண்ண ஒரு ஆளும் கிடையாது. வருசா வருசம் ரிலீஸ் பண்ணிட்டுத்தான் இருக்கறோம்.” பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. “ரெண்டு மாசமாவா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“சொன்னா, ‘ஃபைல் பண்ணிட்டு அப்புறம் அனுப்பு’ம்பீங்க.”

“இப்பவும் அதேதான் சொல்றேன்.”

மாடிப்படியில் நிலா உட்கார்ந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. “வெயிட், அங்கிள் ஆக்சுவலி ரெட் இட்? தட்ஸ் த ப்ராப்ளம்?” என்றாள். அந்த வீட்டில் அன்று சிக்கலைச் சுருக்கமாகச் சொன்னவள் அவள்தான்.

செந்தில் வழக்கறிஞரைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார். பிரகாஷ் என்று பெயர், சென்னைக்காரர், நான் சந்தித்தவர்களில் மிக இனிமையானவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“சார், ப்ராக்டிகலா பேசுவோம். தியரம் ட்ரூவா? ட்ரூ. ஆபீசருக்கு இந்த சப்ஜெக்ட் தெரியுமா? சான்ஸே இல்ல. அப்புறம் உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“எனக்குத் தெரியும் என்பதுதான் கஷ்டம்.”

“மேடம், அந்த பேப்பர் இல்லன்னா கேஸ் வீக் ஆயிடும். மத்த மூணும் ரொம்ப சாதாரணமா இருக்கு. இதுலதான் அட்ஜெக்டிவ் எல்லாம் நல்லா உக்காருது.”

அரசி அடுப்பை அணைத்தார். மகளைப் பார்த்தார். நிலா தோளைக் குலுக்கினாள். அதற்கு எந்தப் பொருளும் கொள்ளலாம். அந்த வயதில் தோள்கள் அதற்காகவே இருக்கின்றன. அரசி மடிக்கணினியைக் கொண்டுவந்து, உப்பு டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து தட்டினார்.

“அனுப்பிட்டேன்” என்றார்.

“யாருக்கு மேடம்?” என்றது ஒலிபெருக்கி.

“ஜர்னலுக்கு.”

செந்தில் எழுந்தார். நீலப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு டயர் மாற்றப் போய்விட்டார். நான் விடைபெறும் வரையில் திரும்பவில்லை. அப்பளம் நமத்துப் போயிருந்தது. அரசியும் நிலாவும் நானும் அதையே நொறுக்கிக்கொண்டிருந்தோம்.

அடைமொழி இல்லாத பக்கம்

வீட்டுக்கு வந்து நானே ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். ‘இவருடைய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். முதல் மூன்றும் சரியானவை, அளவானவை. அவற்றுள் ஒன்று இத்துறையினர் சிலர் விடை தேடிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு விடை தருகிறது. நான்காவதில் ஒரு பிழை. அது பேசும் வெளிகள் அனைத்தும் முடிவுடையவை என்பதை ஆசிரியர் கவனிக்கவில்லை. இதழின் மதிப்பீட்டாளர்களும் கவனிக்கவில்லை. பின்னர் அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை, மறைப்பதால் நன்மை விளையக்கூடிய வேளையில், வெளியிட்டார்.’ இவ்வளவே.

மறுநாள் பிரகாஷ் அழைத்தார். “லெட்டர் ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா ‘எரர்’னு ஒரு வார்த்தை வருது.”

“வருகிறது.”

“‘ரிஃபைன்மென்ட்’னு மாத்திக்கலாமா?”

“மாற்றலாம். கையொப்பத்தையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.”

சிரித்தார். அரசி வற்புறுத்தியதால் என் கடிதத்தை விண்ணப்பத்தில் சேர்த்தார். கட்டின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே. நான்காவது கட்டுரை அதில் இல்லை. செந்தில் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. சொல்லின் முடிவில் ஒட்டும் கொங்குநாட்டு ‘ங்க’வை மட்டும் நிறுத்திவிட்டார். கோயிலில் பார்த்தால், “நல்லா இருக்கீங்களா அங்கிள்” என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமல் பிரசாத வரிசைக்குப் போய்விடுவார். அவருடைய மகளின் பிறந்த நாளுக்கு அப்போது வேனிற்காலம் ஒன்றுதான் இடையில் இருந்தது. அவர்மேல் எனக்குக் குறையில்லை.

வேனில் பாதி கழிந்தபோது குடியேற்ற அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. அரசி அதை எனக்குப் படித்துக் காட்டினார். ஐந்து கடிதங்களும் ஒரே சொற்றொடர்களை ஒரே வரிசையில் பயன்படுத்துவதைக் கவனித்ததாகவும், அவற்றுக்கு அதிக மதிப்பளிக்க இயலாதென்றும் அந்த அதிகாரி எழுதியிருந்தார். ஆறாவது கடிதம் குறிப்பிடும் அந்தக் கேள்வி எது, யார் தேடிக்கொண்டிருந்தார்கள், விடையை யார் பயன்படுத்தினார்கள், பிழையைத் திருத்திய குறிப்பு எங்கே வெளிவந்தது என்று கேட்டிருந்தார். அவருக்கு எங்கள் கணிதம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படிக்கத் தெரிந்திருந்தது.

கேட்டவற்றை அனுப்பினோம். அரைப் பக்கத் திருத்தமும் போயிற்று.

நிலாவின் பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது செந்தில் அழைத்தார். “வந்துடுச்சுங்க அங்கிள்! அப்ரூவ் ஆயிடுச்சுங்க!” என்றார். ஒரே மூச்சில் இரண்டு ‘ங்க’. பிறகு தொலைபேசி அரசியின் கைக்கு மாறியது. அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சார், ஒரு சந்தேகம்” என்றார் அரசி. “அந்த ரெண்டாவது கண்டிஷனை எடுத்துட்டு வெறும் முதலாவதை மட்டும் வெச்சா, தேற்றத்துல பாதியாவது நிக்குமா?”

“எடுத்துக்காட்டு இருக்கிறதா?”

“ரெண்டு வெச்சிருக்கேன் சார். ரெண்டும் முடிவில்லாதது.”

புதிய வழக்கம்

குளிர் தொடங்கியபின் பிரகாஷ் மீண்டும் அழைத்தார். முன்னினும் இனிமையாக இருந்தார்.

“சார், உங்க லெட்டர்ல அந்த ஒரு பாரா, தானே மிஸ்டேக்கைக் கண்டுபிடிச்சுத் தானே பப்ளிஷ் பண்ணினாங்கன்னு, அது செம ஸ்ட்ராங். இப்ப எங்க எல்லா லெட்டர்லயும் அதைப் போடறோம்.”

“எல்லாக் கடிதத்திலுமா?”

“ஆமா சார். இப்ப கலிஃபோர்னியால, டப்ளின்ல ஒரு க்ளையன்ட். சூப்பர் ப்ரொஃபைல். ஆனா பாருங்க, மனுஷன் இதுவரைக்கும் ஒரு மிஸ்டேக்கும் பண்ணல. நீங்க அவர் பேப்பர்ல சின்னதா ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்கன்னா, அவரே கண்டுபிடிச்ச மாதிரி நாங்க எழுதிக்கறோம்.”

“கட்டுரைகளை அனுப்புங்கள். படித்துப் பார்க்கிறேன்” என்றேன்.



“படிக்கணுமா சார்?” என்றார். “வேணாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நியூ ஜெர்சில ஒரு ப்ரொஃபசர் இருக்கார். அவர் படிக்க மாட்டார்.”